இருபத்து மூன்று ‘தெரியாது’

எனக்கு டாக்டர் பட்டம் வாங்கிக் கொடுத்தது ‘தெரியாது’ என்கிற ஒரு சொல். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, என் ஆய்வின் பொருளே அதுதான். தேர்தல் கருத்துக்கணிப்பு வந்தால் யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். அதே அட்டவணையின் அடியில் ‘தெரியாது, கருத்து இல்லை’ என்று ஒரு கட்டம் யாரும் சீண்டாமல் கிடக்கும். அந்தக் கட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு உண்மையிலேயே தெரியாதா, தெரிந்தும் வாயைத் திறக்கவில்லையா என்று கண்டுபிடிக்கக் கிளம்பி ஏழு வருடம் போய்விட்டது. என் கணவர் இதை வெளியில் யாருக்கும் விளக்க மாட்டார். “பொலிட்டிகல் சயின்ஸ்ல ஏதோ பண்றா” என்று சொல்லிவிட்டுப் பேச்சை கிரிக்கெட்டுக்கு மாற்றிவிடுவார்.

நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். என் நெறியாளர் வேறொரு கல்லூரியில் மூத்த பேராசிரியர். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துவார். ரொம்பக் கோபம் வந்தால் “சரிம்மா” என்று மட்டும் சொல்வார். அந்த டிசம்பர் கடைசியில் அவருக்கு ஓய்வு, மறுநியமனமும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் போவதற்குள் நான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவில்லை என்றால் என்னை வேறொரு நெறியாளரிடம் மாற்றிவிடுவார்கள். அந்த வேறொருவர், “தெரியாதுங்கறதெல்லாம் ஒரு டாபிக்கா?” என்று துறைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டவர். அவர் கைக்குப் போனால் தலைப்பிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். எனக்கு அதற்குத் தெம்பில்லை. டிசம்பருக்குள் முடித்தாக வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

களப்பணிக்கு நான் தேர்ந்தெடுத்த இடம் பெருங்களத்தூரில் நாங்கள் குடியிருக்கும் அபார்ட்மெண்ட். அதற்கு ஆய்வேட்டில் இரண்டு பக்கம் காரணம் எழுதியிருக்கிறேன். உண்மையான காரணம், மழையிலும் வெயிலிலும் அலைய வேண்டாம், லிஃப்ட் இருக்கிறது என்பதுதான். எங்கள் வீட்டைத் தவிர நாற்பது வீடுகள், எல்லாம் புதிதாக வந்தவர்கள். பாதிப்பேர் சிறுசேரிக்கு வேலைக்குப் போகிறவர்கள், மீதிப்பேர் அவர்களைப் பெற்றவர்கள். யாருக்கும் அந்த முகவரியில் ஓட்டு இல்லை. ஒருவருக்கு மாம்பலத்தில், ஒருவருக்குத் திருச்சியில் என்று பழைய முகவரிகளிலேயே ஓட்டு தங்கிவிட்டது. எனக்கே சேலையூரில் என் அப்பா வீட்டு முகவரியில்தான் ஓட்டு. வாக்காளர் நடத்தையை ஆராய்கிறவள் தன் ஓட்டை மூன்று வருடமாக மாற்றாமல் இருந்தேன் என்பதை நான் முன்னுரையில் சேர்க்கவில்லை.

கேள்வித்தாளில் இருபத்து நான்கு கேள்விகள். முதல் கேள்வி ஆளை இலகுவாக்குவதற்கு: ‘இந்தத் தெருவில் நாம் இருக்கும் பக்கம் எந்த வார்டைச் சேர்ந்தது?’ இதைவிடச் சுலபமான கேள்வி கிடையாது என்று நினைத்தேன். எங்கள் கேட்டுக்கு நேர் எதிரே, சாலையின் அந்தப் பக்கம், கவுன்சிலர் கைகூப்பிச் சிரிக்கும் பலகை ஒன்று நிற்கிறது. அதில் வார்டு எண் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். எண்ணைச் சொன்னால் ஆள் யாரென்று நீங்கள் தேடிப் பிடித்துவிடுவீர்கள், ஆகவே பலகை எண் என்றே சொல்லி வைக்கிறேன். பதினேழாவது கேள்வி என் சொந்தச் சரக்கு. ‘நகர்ப்புற நீர்வழி ஒப்படைப்புத் திட்டம் பற்றி உங்கள் கருத்து என்ன?’ அப்படி ஒரு திட்டமே கிடையாது. எத்தனை பேர் துணிந்து தெரியாது என்று சொல்கிறார்கள் என்று பார்க்க நானே உட்கார்ந்து பெயர் வைத்தது.

முதல் வீட்டில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர். கேள்வித்தாளை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எத்தனை மார்க்குக்கு மேடம்?” என்றார்.

“மார்க் எல்லாம் இல்ல சார். உங்க கருத்துதான்.”

“அது சரி. எத்தனைக்கு?”

நம் ஆட்களிடம் ஒரு தாளையும் பேனாவையும் காட்டினால் இதுதான் நடக்கும். போதாக்குறைக்கு என் கையில் சிவப்புப் பேனா. செமஸ்டர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த சமயம், பையில் கைவிட்டால் அதுதான் வந்தது. முதல் கேள்விக்கு அவர் பலகை எண்ணைச் சொன்னதும் நான் பழக்கதோஷத்தில் டிக் போட்டேன். அவர் எட்டிப் பார்த்துத் திருப்தியாகச் சாய்ந்துகொண்டார். பதினேழாவது கேள்விக்கு, “நல்ல திட்டம். ஆனா இம்ப்ளிமென்டேஷன் சரியில்ல” என்றார்.

முதல் நாள் ஆறு வீடு முடிந்தது. ஆறு வீட்டிலும் எல்லாம் தெரிந்திருந்தது. சாயங்காலம் என் கணவர் கைப்பேசியை நீட்டினார். குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் அவர் எண்தான் இருக்கிறது. சங்கச் செயலாளர் ஒரு செய்தி போட்டிருந்தார். வங்கி அதிகாரி கேள்வித்தாளை எப்போது போட்டோ எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. அது மேலே இருந்தது, அதன் கீழே:

“அன்பார்ந்த குடியிருப்போருக்கு வணக்கம். நமது வளாகத்தில் அரசியல் அறிவு பற்றிய ஆய்வு நடைபெற்று வருகிறது. இதில் நம் பெயர் கெடக் கூடாது. இருபத்து நான்கு கேள்விகளுக்கும் மாதிரி விடைகள் கீழே தரப்பட்டுள்ளன. மனப்பாடம் செய்ய முடியாதவர்கள் பிரின்ட் எடுத்துக்கொள்ளவும். முக்கியம்: தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏழு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த ஒரே பதிலை ஒரு மனிதர் தடை செய்துவிட்டார். கணவர் ஆறுதலாக என் தோளைத் தொட்டு, “ஒன்பதாவது கேள்விக்கு அவர் போட்டிருக்கிறது கரெக்டா?” என்று கேட்டார்.

மீதி முப்பத்து நான்கு வீடுகளையும் முடித்தேன், வேறு வழியில்லை. சிலர் ஒப்பித்தார்கள், சிலர் சோபாவின் இடுக்கிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் மாடி அம்மா ஒருவர் மாதிரி விடையோடு நிற்காமல், அந்த நீர்வழித் திட்டத்துக்குத் தான் ஆன்லைனில் விண்ணப்பித்ததாகவும் ஓடிபி வரவில்லை என்றும் புகார் சொன்னார். நாற்பது வீட்டில் ஒரு ‘தெரியாது’ கூட இல்லை.

நெறியாளர் தாள்களைப் புரட்டினார். குரல் தாழ்ந்தது. “ஏம்மா, நாப்பது பேர்ல ஒருத்தருக்குக் கூடவா ஒரு விஷயம் தெரியாம இருக்கும்?”

“எல்லாரும் படிச்சவங்க சார்.”

“நானும் படிச்சவன்தாம்மா. எனக்குப் பாதி விஷயம் தெரியாது.”

மாதிரி விடை விவகாரத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. கறைபடாத ஒரு கேள்வியாவது இருக்கிறதா என்று கேட்டார். முதல் கேள்வி இருக்கிறது என்றேன். அதற்கு யாரும் நோட்ஸ் பார்க்கவில்லை, வாசலைத் தாண்டினால் பலகை நிற்கிறது, நாற்பது பேரும் பட்டென்று சொன்னார்கள், நாற்பதும் சரி. “சரி, அதை வெச்சிக்கோ. தெருவுல வேலை செய்றவங்க யாராவது இருப்பாங்க இல்ல, அவங்களையும் போய்க் கேளு” என்றார்.

அப்படித்தான் மீன்காரம்மாவிடம் போனேன்.

கோவளத்துப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து கேளம்பாக்கம் வழியாக பஸ் பிடித்து வருகிறவர். ஐம்பது வயதிருக்கும். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறார், இவர் விற்கிறார். ஒரு அன்னக்கூடை நிறைய மீன், அருவாமணை, கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பக்கெட்டின் மேல் ஆசனம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும்போது அவரிடம்தான் நான் மீன் வாங்குவேன். சில நாள் எங்கள் கேட்டை ஒட்டி உட்கார்ந்திருப்பார், சில நாள் எதிரே பலகைக்குக் கீழே. ஒரே காலையில் இரண்டு தடவை கூடையைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடப்பதையும் பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறேன். நிழலுக்குத்தான் மாறுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மேகமூட்டமான நாளிலும் மாறினார். வெயிலுக்குப் பழகிய உடம்பு, பழக்கத்தை விட முடியவில்லை போல என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். ஆராய்ச்சி செய்கிறவளிடம் விளக்கத்துக்கா பஞ்சம்?

அன்றைக்கு எங்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் சங்கரா ஒரு கிலோ சொல்லிவிட்டு, சும்மா சில கேள்விகள் கேட்க வேண்டும் என்றேன்.

“கேளு டீச்சர். கையிதான் வேல செய்யுது, வாயி சும்மாதான கீது.”

முதல் கேள்வியைக் கேட்டேன். அவர் தலையைத் தூக்காமலே ஒரு எண்ணைச் சொன்னார். பலகை எண் அல்ல, அதற்கு அடுத்த எண்.

நான் புன்னகைத்தேன். அந்தப் புன்னகை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, இப்போது நினைத்தாலும் கூசுகிறது. “இல்லக்கா. அதோ பாருங்க, எதுத்தாப்புல போர்டு இருக்கு இல்ல? அந்த நம்பர்தான்” என்று எதிர்ப்பக்கம் கையைக் காட்டினேன். எழுத்துத் தெரியாதோ என்று எண்ணை வேறு உரக்கப் படித்துக் காட்டினேன். சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறியும் போட்டேன்.

அவர் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மீனைப் பார்த்துச் செதிலை உரிக்க ஆரம்பித்தார்.

இரண்டாவது கேள்வி. “தெரியாது.” மூன்றாவது. “தெரியாது.” வரப்போகிற தேர்தலில் எந்தப் பிரச்சினை முக்கியம்? “தெரியாது.” ஓட்டுப் போடுவதற்கு முன் யாரிடமாவது கலந்து பேசுவீர்களா? “தெரியாது.” பதினேழாவது, என் பொய்த் திட்டம். “தெரியாது.” கடைசிக் கேள்வி, இந்த நேர்காணலைப் பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? அதற்கும் “தெரியாது” என்று சொல்லி மீனைப் பையில் போட்டு நீட்டினார்.

இருபத்து மூன்று தெரியாது! லிஃப்டில் போகும்போது நான் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன், மீன் பையோடு சேர்த்து. அந்தத் தாளில் இன்னும் லேசாக வாடை இருக்கிறது.

சந்தோஷம் அதோடு முடியவில்லை. அடுத்த ஞாயிறு நான் போய் நின்றபோது எனக்கு முன்னால் ஒருவர் வஞ்சிரம் வெட்டக் கொடுத்துக் காத்திருந்தார். அவரிடம் இதே அம்மா, எந்தக் கட்சி எந்தக் கூட்டணியை விட்டு எப்போது நழுவும், எந்த வேட்பாளருக்கு எந்தக் குப்பம் போடும், எந்தக் குப்பம் போடாது, போன தடவை வாக்குறுதி கொடுத்த, கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவு ஏன் வரவில்லை என்று துண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொண்டிருந்தார். நான் முன்னே நகர்ந்ததும், “இன்னா மீனு டீச்சர்?” என்று நிறுத்திக்கொண்டார்.

எனக்குப் பளிச்சென்று ஆகிவிட்டது. இவருக்கு எல்லாம் தெரிகிறது, ஆனால் தாளையும் பேனாவையும் கண்டால் தெரியாது என்கிறார். எழுத்தின் முன், அதிகாரத்தின் முன், எளிய மக்கள் அணிந்துகொள்ளும் கவசம்! அன்றைக்கே உட்கார்ந்து எழுத ஆரம்பித்து, ஐம்பத்து மூன்று பக்கத்துக்கு ஒரு அத்தியாயம் முடித்தேன். ‘மௌனத்தின் அரசியல்: பதிலளித்தவர் 41’ என்று தலைப்பு. அதில் மீன்காரம்மா என்று எங்கும் வராது. ‘விளிம்புநிலைப் பெண் விற்பனையாளர்’ என்றுதான் வரும். அவரே படித்தால் யாரோ என்று நினைப்பார். படித்தவர்களிடம் அடிப்படைக் குடிமை அறிவு முழுமையாக இருப்பதாகவும், இந்த விற்பனையாளருக்கு அரசியல் பேச்சு கைவந்தாலும் தான் உட்கார்ந்து விற்கும் இடம் எந்த வார்டு என்ற அடிப்படைத் தகவல் எட்டவில்லை என்றும், முதல் கேள்வியை வைத்து ஒரு அட்டவணை வேறு.

நெறியாளர் முதல்முறையாக என்னைப் பாராட்டினார். “இதுதாம்மா தீசிஸ்” என்றார். அச்செடுத்து, ஸ்பைரல் போட்டு, கையெழுத்துக்குக் காத்திருந்தது. அப்போது நவம்பர் கடைசி. மழை பிடித்துக்கொண்டது.

பெருங்களத்தூரில் மழை எப்படி என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கேட்டின் முன்னால் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மழைநீர் வடிகால் வேண்டும் என்று செயலாளர் இரண்டு வருடமாகக் கவுன்சிலர் அலுவலகத்தில் மனு கொடுத்துக்கொண்டிருந்தார், ஒன்றும் நடக்கவில்லை. இந்த முறை நேரிலேயே பார்த்துவிடுவது என்று நான்கு பேர் குழு கிளம்பியது. தேர்தல் ஆராய்ச்சி செய்கிறவர், பேச்சுக்கு ஒரு கனம் இருக்கும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். செயலாளர் ஒரு பொன்னாடையைத் தண்ணீர் படாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

கவுன்சிலர் நல்ல மாதிரி. பலகையில் இருந்த அதே சிரிப்பு. உட்கார வைத்து டீ வரவழைத்தார். செயலாளர் எழுந்து, பொன்னாடையைப் பாதி பிரித்த நிலையில், வடிகாலின் வரலாற்றை ஆதியிலிருந்து சொன்னார். கவுன்சிலர் கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டார்.

“எல்லாம் சரிங்க சார். ஆனா நீங்க என் வார்டே இல்லையே” என்றார்.

யாரும் டீயைக் குடிக்கவில்லை.

“ரோட்டுக்கு எங்க பக்கம் வரைக்கும்தான் நான். ரோட்டுக்கு அந்தப் பக்கம், உங்க அபார்ட்மெண்ட்டு எல்லாம் அடுத்த வார்டு. உங்க மனுவை எல்லாம் நான் அங்கதான் அனுப்பிட்டு இருக்கேன். உங்களுக்கும் போன் போட்டுச் சொல்லச் சொன்னேனே. நாலு வாட்டி போட்டாங்களாம், எடுத்ததும் லோன் வேணாம்னு சொல்லி கட் பண்ணிட்டீங்களாம்.”

செயலாளர் பொன்னாடையைப் பார்த்தார். பிரித்ததைத் திரும்ப மடிப்பது மரியாதையாக இருக்காது என்று தோன்றியிருக்க வேண்டும். அதை அவருக்கே போர்த்திவிட்டு வந்தோம். முழங்கால் தண்ணீரில் நான்கு பேரும் திரும்பி நடந்தோம். கேட்டுக்கு வந்ததும் செயலாளர் மட்டும் என்னிடம் தணிந்த குரலில், “மேடம், நிஜமாவே எனக்குத் தெரியாது” என்றார். கேள்வித்தாளோடு போனபோதே இதைச் சொல்லியிருந்தால் நான் அவருக்குப் பொன்னாடை போர்த்தியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து ஈரப் புடவையைக் கூட மாற்றவில்லை, தாள்களை எடுத்தேன். நாற்பது வீடுகள், நாற்பது சிவப்பு டிக், நாற்பதும் தப்பு. மீன் வாடை அடிக்கிற நாற்பத்தொன்றாவது தாளில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. அது ஒன்றுதான் சரியான பதில். எதிர்ப்பக்கம் நிற்கிற பலகையைப் பார்த்து, இந்தப் பக்கம் இருக்கிற நாங்கள் அத்தனை பேரும் எங்கள் வார்டு அதுதான் என்று மூன்று வருடமாக நம்பியிருக்கிறோம். கேள்வித்தாள் தயாரித்த நானே சரிபார்க்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே!

கணவரிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, “யாருக்குத் தெரியப் போவுது? அனுப்பிடு” என்றார். உண்மையைச் சொல்கிறேன், இரண்டு நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன். எந்தத் தேர்வாளர் பெருங்களத்தூருக்கு வந்து சாலையின் எந்தப் பக்கம் எந்த வார்டு என்று பார்க்கப் போகிறார்? ஆனால் அந்தத் தாளைத் தூக்கி உள்ளே வைக்க முடியவில்லை. முதல் வரியில் ஒரு எண், அதன் மேல் என் சிவப்புக் குறி, அதற்குக் கீழே வரிசையாக இருபத்து மூன்று தெரியாது.  மூன்றாம் நாள் நெறியாளருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, “அந்தம்மா ஏன் தெரியாதுன்னு சொன்னாங்க?” என்று கேட்டார்.

“அதிகாரத்து முன்னாடி எளிய மக்கள்…”

“நீ எழுதினதை நான் படிச்சிட்டேன்மா. அவங்ககிட்ட கேட்டியா?”

“இல்ல சார்.”

“ஏழு வருஷமா அதைத்தான ஆராய்ச்சி பண்றே?”

“ஆமா சார்” என்றேன். “சரிம்மா” என்று வைத்துவிட்டார். ஓய்வுக்கு இருபத்து மூன்று நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. சர்ச்சிலிருந்து நேராக அவரிடம் போனேன். எதிர்ப்பக்கம், பலகைக்குக் கீழே இருந்தார். நான் சாலையைக் கடப்பதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சட்டையில் அடையாள அட்டை குத்திய ஒருவர் இறங்க, இவர் அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு நிதானமாக எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தார். வந்தவர் நடுச்சாலை வரை பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

“அவுரு அந்த வார்டு சூப்பர்வைசரு” என்றார், நான் கேட்காமலே. “ரோட்டோரம் குந்தாதன்னு வெரட்டுவாரு. இந்தாண்ட வந்துட்டா அவரால ஒண்ணும் பண்ண முடியாது. இந்த வார்டு ஆளு வந்தா அந்தாண்ட பூடுவேன். பேஜாரு புட்ச்ச பொழப்பு.”

நிழல் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அதை யாரிடம் சொல்லி அழுவது? நடைபாதையில் அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பட்டுப்புடவை, கீழே சேறு. “அக்கா, அன்னிக்கு நீங்க சொன்ன வார்டு நம்பர்தான் சரி. நான் சொன்னது தப்பு.”

“அது எனுக்கு அன்னிக்கே தெரியும்.”

“அப்ப ஏன்க்கா சொல்லல? அதுக்கப்புறம் கேட்ட எல்லாத்துக்கும் ஏன் தெரியாதுன்னீங்க?”

அவர் அருவாமணையிலிருந்து கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டார். கோபம் ஒன்றும் இல்லை, எனக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமே என்கிற பொறுமைதான் இருந்தது.

“மொத கேள்விக்கே தப்புன்ட்ட. செவப்பு பேனாவுல கிறுக்கிகினு வேற இருந்த. தெனமும் ரெண்டு வாட்டி தாண்டுற ரோடு, அதுவே எனுக்குத் தெரியாதுன்றியே, மத்ததெல்லாம் சொன்னா மட்டும் கேட்டுக்கவா போற? நீ கேக்க வந்தியா திருத்த வந்தியான்னே எனுக்குத் தெர்ல டீச்சர். உன்னாண்ட இன்னாத்துக்கு வாயி குடுக்குறதுன்னு உட்டுட்டேன்.”

பதில் சொல்கிறவரைத் திருத்தக் கூடாது, முகத்தில் கூட எதையும் காட்டக் கூடாது. இதை நானே இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு வருடா வருடம் பாடம் எடுக்கிறேன், தேர்வில் கேள்வியும் கேட்டிருக்கிறேன். ஐம்பத்து மூன்று பக்கம் நான் ஆராய்ந்த மௌனத்தை உண்டாக்கியவளே நான்தான். 

அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். ஒரு ஆசிரியை எப்படி ஒரு ஆளின் வாயை முதல் கேள்வியிலேயே அடைத்தாள் என்பதுதான் இப்போது அதில் இருக்கிறது. நெறியாளர் தன் அறையைக் காலி செய்து புத்தகங்களை அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டிருந்த கடைசி நாளில், அந்தப் பெட்டி மேல் வைத்தே கையெழுத்துப் போட்டார். பட்டம் வந்தது. எங்கள் செயலாளர் சாலைக்கு இந்தப் பக்கமும் ஒரு பலகை வைக்கச் சொல்லி, சரியான கவுன்சிலருக்கு மனு கொடுத்திருக்கிறார்.

ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தது. அந்த ஞாயிறு, நான் பையிலிருந்து ஒரு புதிய கேள்வித்தாளை எடுத்தேன். சிவப்புப் பேனாவை உள்ளே தள்ளிவிட்டு நீலத்தைத் தேடி எடுத்தேன்.

“மறுபடி கேக்கட்டுமாக்கா?”

“கேளு.”

இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பித்தோம். மீன் வாங்க வந்தவர்கள் பின்னால் சேர்ந்துகொண்டே போனார்கள், எங்கள் மூன்றாம் மாடி அம்மாவும் வந்து நின்றார். மீன்காரம்மா சொல்லச் சொல்ல எனக்குக் கை வலித்தது. கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்தில், பின்பக்கத்தில், சர்ச் நோட்டீஸின் காலி இடத்தில் என்று எழுதிக்கொண்டே போனேன். அவர் சொன்னதில் சில விஷயங்கள் தப்பு என்று எனக்குத் தோன்றியது. நாக்கு நுனி வரை வந்ததைக் கடித்துக்கொண்டேன். பதினேழாவது கேள்வி வந்தது.

“இன்னா திட்டம்? நீர்வழியா?” மீன்காரம்மா கையை நிறுத்திவிட்டு என்னைக் கவலையோடு பார்த்தார். “அப்டி ஒண்ணு கெடையவே கெடையாது டீச்சர். யாரோ உன்ன நல்லா ஏமாத்திக்கீறாங்க.”

மூன்றாம் மாடி அம்மா, “இல்ல, அது இருக்கு, நான் அப்ளை பண்ணியிருக்கேன்” என்று ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

கடைசிக் கேள்விக்கு வந்தேன். இந்த நேர்காணலைப் பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?

அவர் என் பேனாவைப் பார்த்தார், சேறு பட்ட என் புடவையைப் பார்த்தார். ஒரு சங்கராவை எடுத்து மணையில் வைத்தார்.

“இன்னிக்கிதான் நீ கேட்ட” என்றார்.

அப்படியே எழுதிக்கொண்டேன்.